பெயர் எழுதாத போர்வைகள்

1940 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதந் தொடங்கி 1941 ஆம் ஆண்டு மே மாதம் வரையும் இங்கிலாந்தின் நகரங்கள்மீது இரவுக்கு இரவு குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. வீட்டையும் வீட்டிலிருந்த தட்டுமுட்டுச் சாமான்களையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் தங்கின. குளிர்காலம் நெருங்கியது. பாய், படுக்கை, போர்வை என்று சொல்லத்தக்க எதுவும் அவர்களிடம் இல்லை. அந்நிலையிலே தொண்டு செய்த மகளிர் அணியினர் அவர்களுட் பலருக்கு ஒரு போர்வையைக் கொடுத்தனர். அது கடையில் வாங்கிய போர்வையன்று. சிறு சிறு துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கையினால் தைக்கப்பட்ட போர்வை. அதன் ஒரு மூலையிலே விரலளவான ஒரு துணிச்சீட்டு இருந்தது. கனடா தேசத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு என்பதே அதில் இருந்த செய்தி.

தைத்தவள் பெயர் அதில் இல்லை. அவளுடைய ஊரும் இல்லை. பெற்றவள் நன்றி சொல்ல விரும்பினாலும் யாருக்குச் சொல்வது? இவ்வாறு கனடாவின் பெண்கள் அப்போர்க்காலத்திலே தைத்தனுப்பிய போர்வைகள் ஏறக்குறைய 4 இலட்சம் என மதிப்பிட்டிருக்கின்றனர். தன் வீட்டிலே, தன் கையால், பல வாரங்கள் இருந்து செய்த ஒரு பொருளைக் கண்டறியாத ஒருவருக்கு, தன் பெயரையும் எழுதாது கொடுத்துவிடும் இவ்வழக்கம் எங்ஙனந் தோன்றியது, அதன் பயன் யாது, அதில் மறைந்துள்ள இடர்கள் யாவை என்பவற்றை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே இப்போர்வை எவ்வாறு அமைகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஆங்கிலத்திலே ‘குவில்ற்’ எனப்படும் இதனைத் தமிழிலே ஒட்டுப்போர்வை எனலாம். இது மூன்று அடுக்குகளை உடையது. மேலே தெரிவது துண்டுத் துணிகளால் இணைத்த முகத்துணி. நடுவிலே பஞ்சு அல்லது பழைய கம்பளி. அடியிலே ஒரே துணியாலான அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவி நெருக்கமாக ஓடு தையல் இட்டால் நடுவிலுள்ள பஞ்சு ஓரிடத்திலே திரளாது நிற்கும். அதற்குள்ளே அகப்பட்ட காற்றே உடற்சூட்டைக் காக்கின்றது. தையல் போட நேரமில்லாதோர் சில அங்குலத்துக்கு ஒன்றாக நூலை ஊடுருவி முடிச்சிட்டும் விடுவர். இறுதியில் நான்கு ஓரங்களையும் ஒரு துணிவாரால் மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

சொல்லுவது எளிது; செய்வதோ எளிதன்று. ஐந்தடி அகலமும் ஆறடி எட்டங்குல நீளமும் உள்ள ஒரு போர்வையை ஐந்தங்குலச் சதுரங்களால் அமைப்பதானால், அகலத்துக்குப் பன்னிரண்டு, நீளத்துக்குப் பதினாறு, ஆக 192 துண்டுகள் வேண்டும். ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலந் தையலுக்குள் மறைவதனால் ஒவ்வொரு துண்டையும் ஐந்தரை அங்குலமாக வெட்டுதல் வேண்டும். வெட்டும்பொழுது ஒரு நூலளவு பிழைத்தாலும் அப்பிழை பன்னிரண்டு துண்டுகளில் பெருகி, வரிசை கோணிவிடும். ஆதலால் அட்டையில் அச்சு வெட்டி, அதனைத் துணிமேல் வைத்துக் கோடிட்டே வெட்டுவர். கைதேர்ந்தவர்கள் ஓரங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுவார்கள். அடுக்குகள் மூன்றும் சுருக்கமின்றி நிற்பதற்காக ஒரு பெரிய மரச்சட்டத்திலே போர்வையை இழுத்துக் கட்டி, அதன் நாற்புறமும் பெண்கள் அமர்ந்து தைப்பது வழக்கம். சிறிய வீடுகளிலே அச்சட்டத்தை இரவில் கயிற்றால் முகட்டுக்கு உயர்த்திவிட்டு, அதன் கீழே படுத்துறங்குவார்கள்.

துண்டுகளை அடுக்கும் கோலங்களுக்கு அப்பெண்களே பெயரிட்டார்கள். ஒன்பது சதுரங்களை அடுக்கிய கோலம் ‘ஒன்பது ஒட்டு’. முக்கோணங்களை நிரையாக வைத்தது ‘பறக்கும் வாத்துக்கள்’. அறுகோணங்களைப் பூப்போலச் சேர்த்தது ‘பாட்டியின் பூந்தோட்டம்’. நடுவிலே ஒரு சிறு சதுரத்தை வைத்து அதனைச் சுற்றிச் சுற்றி நீண்ட துண்டுகளைத் தைத்தது ‘மரக்குடில்’. அந்நடுச் சதுரத்தைச் சிவப்பாக வைத்து, அது வீட்டின் அடுப்பைக் குறிக்குமென்று சொல்லுவர். ஏட்டில் எழுதப்படாத ஒரு நிகண்டு போல இப்பெயர்கள் தாயிடமிருந்து மகளுக்கு வழங்கிவந்தன.

ஒட்டுப்போர்வை வறுமையிலே பிறந்தது, குடியேறிய ஏழைகள் கந்தலைச் சேர்த்துத் தைத்ததே அதன் தொடக்கம் என்று பலரும் நம்புகின்றனர். ஆராய்ச்சியாளர் கண்டது வேறு. அமெரிக்காவிலே முதன்முதற் குடியேறியோர் காலத்திலே துணி பெரும்பாலும் கடல் கடந்து வந்த விலையுயர்ந்த பண்டம். அதனை வெட்டிச் சேர்க்கும் ஓய்வு செல்வர் வீட்டுப் பெண்களுக்கே இருந்தது. 1793 இலே பருத்தியிலிருந்து விதை நீக்கும் பொறி தோன்றியது. 1820 களிலிருந்து மசச்சூசெற்ஸ் மாகாணத்து லோவல் நகரத்து ஆலைகள் பெருந்தொகையான துணியை நெய்தன. அதன் பின்னரே அச்சிட்ட பருத்தித்துணி எளிய குடும்பங்களுக்கும் எட்டியது, ஒட்டுப்போர்வையும் பரவியது. அந்தப் பருத்தியைத் தெற்கு மாகாணங்களிலே பறித்தவர்கள் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்க மக்கள் என்பதையும் மறத்தலாகாது. மலிந்த துணிக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய மலிவாக்கப்பட்ட உழைப்பு இருந்தது. போர்வையின் வரலாற்றிலே இச்செய்தி மீண்டும் ஒருமுறை தலைகாட்டும்.

கொடுப்பதற்காகவே தைக்கும் வழக்கம் 1840 களிலே ஒரு புதிய வடிவம் பெற்றது. அக்காலத்திலே குடும்பங்கள் பல கிழக்குப் பகுதிகளை விட்டு மேற்கு நோக்கி மாட்டுவண்டிகளிற் புறப்பட்டன. சென்றவர்கள் திரும்பி வருதல் அரிது. பிரிந்து செல்லும் பெண்ணுக்கு அவளுடைய உறவினரும் அயலவரும் ஆளுக்கொரு சதுரந் தைத்து, அழியாத மையினால் அதிலே தம் பெயரை எழுதி, அவற்றையெல்லாம் ஒரு போர்வையாக இணைத்துக் கொடுத்தனர். இது நட்புப் போர்வை எனப்பட்டது. தாயும் தமக்கையும் தோழியும் இனி அவளுக்குக் கண்ணாற் காணும் மனிதராகார். துணியில் எழுதிய பெயராகவே இருப்பர். இங்கே பெயர்தான் கொடை. போர்வை அதனைத் தாங்கிய ஏடு.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. 1861 ஆம் ஆண்டிலே வடபகுதியார் சுகாதாரக் கழகம் ஒன்றை அமைத்தனர். காயமுற்ற போர்வீரர்களுக்காகப் பெண்கள் தைத்த போர்வைகளை அது ஆயிரமாயிரமாகச் சேர்த்து மருத்துவ நிலையங்களுக்கு அனுப்பியது. மருத்துவ நிலையத்துக் கட்டில் ஒடுங்கியது. ஆதலால் போர்வையையும் ஒடுக்கமாகத் தைக்கும்படி சொல்லப்பட்டது. அத்தனை போர்வைகளுள் இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவே. மற்றவை எங்கே? நோயாளியின் உடலோடு ஒட்டிக் கிடந்து நைந்தன. பலமுறை துவைக்கப்பட்டுக் கிழிந்தன. இறந்தவனோடு மண்ணிற் சென்றன. அவை பயன்படுத்தப்பட்டமையாலேயே மறைந்தன.

இது ஆழ்ந்து நோக்கவேண்டிய ஒரு செய்தியாகும். அரும்பொருட் காட்சிச்சாலைகளிலே இன்று கண்ணாடிக்குள் இருக்கும் பழைய போர்வைகளுட் பல, மிகச் சிறந்தவையென்று கருதி எவரும் போர்த்தாது பெட்டியில் வைத்தவை. போர்த்துக் கிழிந்தவை காட்சிக்கு வருவதில்லை. ஆகவே எஞ்சியிருப்பதை மட்டும் வைத்து ஒரு கைத்தொழிலை மதிப்பவர், அத்தொழிலின் பெரும்பகுதியைக் காணாதவராகின்றார். கொடுக்கப்பட்ட போர்வைகளின் வரலாறு மறைந்துபோன போர்வைகளின் வரலாறே.

கனேடியப் பெண்களின் கதையும் அத்தகையதே. 1897 ஆம் ஆண்டிலே ஒன்ராரியோ மாகாணத்து ஸ்ரோனி கிறீக் என்னும் ஊரிலே கிராமத்துப் பெண்களுக்கான மாதர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டு, நாடெங்கும் கிளைவிட்டிருந்தது. போர் வந்தபொழுது இச்சங்கங்களும் தேவாலய மகளிர் குழுக்களும் செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து தைக்கத் தொடங்கின. வீட்டிலே கிடந்த சட்டைத் துணி, திரைச்சீலை, தையற்காரர் கடையின் மாதிரித் துண்டுகள் முதலியவெல்லாம் போர்வையாயின. பகலிலே பால் கறந்து, வயலைப் பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெண்கள் இரவிலே விளக்கடியில் ஊசி பிடித்தனர். அவர்களுட் பலருடைய கணவரும் புதல்வரும் அதே போரிலே கடல் கடந்து நின்றனர். தம் மகனுக்குத் தாம் செய்ய இயலாததை யாரோ ஒருத்தியின் மகனுக்குச் செய்தனர் எனலாம். போர் முடிந்து பல்லாண்டு கழிந்த பின்னும் இங்கிலாந்தின் வீடுகளிற் சிலவற்றில் அப்போர்வைகள் பழைய பெட்டிகளுக்குள் இருந்து வெளிப்பட்டன. முகத்துணி வெளிறியிருந்தது, மூலையிலே அச்சிறு சீட்டு மட்டும் மாறாதிருந்தது.

இத்தகைய கொடையின் பெருமையைப் பேசும்பொழுது அதன் மறுபக்கத்தையும் காட்டுதல் நேர்மையாகும். 1933 ஆம் ஆண்டிலே சிக்காக்கோ நகரத்திலே உலகக் கண்காட்சி ஒன்று நடந்தது. பொருளாதார வீழ்ச்சி மக்களை வாட்டிய காலம் அது. சீயேர்ஸ் ரோபக் என்னும் பெரிய வர்த்தக நிறுவனம் அக்கண்காட்சியை முன்னிட்டு ஒட்டுப்போர்வைப் போட்டி ஒன்றை அறிவித்தது. முதற் பரிசு 1,000 டொலர். மாவு மூட்டையின் துணியையே பிள்ளைகளுக்குச் சட்டையாகத் தைத்த குடும்பங்களுக்கு அது கனவிலும் காணாத தொகை. 24,000 க்கு மேற்பட்ட போர்வைகள் வந்து குவிந்தன. கென்டக்கி மாகாணத்து லெக்சிங்டன் நகரத்தைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் என்பவருடைய போர்வை முதலிடம் பெற்றது. பின்னர் அப்போர்வை அமெரிக்க சனாதிபதியின் துணைவியாராகிய எலினோர் ரூஸ்வெல்ற் அம்மையாருக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது.

கேடன் அம்மையார் அப்போர்வையில் ஒரு தையலும் போடவில்லை. அவர் கடை வைத்திருந்தவர். ஏழைப் பெண்கள் சிலருக்குச் சிறு கூலி கொடுத்துத் தைப்பித்துத் தம் பெயரில் அனுப்பியிருந்தார். பரிசுச் செய்தி அப்பெண்களின் காதுக்கும் எட்டியது. பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. வாய் திறந்தால் இருக்கின்ற வேலையும் போய்விடுமென்று அஞ்சி அவர்கள் வாளாவிருந்தனர். பல ஆண்டுகள் கழிந்த பின்னர் போர்வை வரலாற்றை ஆராய்ந்தவர்களே அவ்வுண்மையை வெளிப்படுத்தினர். நாட்டின் தலைமகளுக்கு வழங்கப்பட்ட அப்போர்வையோ பின்னர் காணாமலே போயிற்று.

கனேடியப் பெண்ணின் பெயரும் போர்வையில் இல்லை. கென்டக்கிப் பெண்ணின் பெயரும் போர்வையில் இல்லை. இரண்டும் ஒன்றாகுமோ? ஆகா. முன்னையவள் தன் பெயரைத் தானே விட்டாள். பின்னையவளிடமிருந்து அது பறிக்கப்பட்டது. பெயரின்றிக் கொடுத்தல் அறம். பிறருடைய பெயரை மறைத்துத் தான் கொடுத்ததாகக் காட்டுதல் அறத்தின் வேடந் தாங்கிய களவு. சங்கங்கள், நிலையங்கள், பள்ளிக்கூடங்கள் எவையாயினும் பலருடைய உழைப்பைத் திரட்டி ஒருவருடைய பெயராற் கொடுக்கும் இடங்களிலெல்லாம் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நன்று.

போர்வை தைத்தல் எப்பொழுதும் அயலாருக்காகவே இருந்ததில்லை. அலபாமா மாகாணத்திலே, ஓர் ஆற்றின் வளைவுக்குள், ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அடிமைகளாயிருந்தோரின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழும் ஊர் அது. அங்கே 1942 ஆம் ஆண்டிலே மிசூரி பெற்வே என்னும் பெண்மணி கணவனை இழந்தார். அவர் வயலிலே உடுத்துழைத்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் எடுத்து, மகளின் துணையோடு வெட்டி ஒரு போர்வையாகத் தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும், வெயிலில் வெளிறாது சட்டைப்பை மூடியிருந்த இடமும் அப்படியே அதில் தெரிகின்றன. கணவனின் நினைவைப் போர்த்துக்கொள்வதே அவர் நோக்கம். அறுபது ஆண்டுகள் கழித்து, 2002 ஆம் ஆண்டிலே, ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகள் ஹூஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிச்சாலையிலும் பின் நியூயோர்க்கிலும் கலைப்பொருள்களாகச் சுவரிலே தொங்கவிடப்பட்டன. அவ்விடத்தே தைத்தவர் பெயரும் எழுதப்பட்டது. குளிருக்கும் துயருக்குமாகத் தைத்தவர்களை உலகம் கலைஞர்களென்று காணுவதற்கு அத்தனை காலம் சென்றது.

பழந்துணிக்கு ஓர் உறவு உண்டு என்பதை இந்த நாட்டுத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே ஏணை கட்டுவதற்குப் புதுச்சேலையைத் தேடுவாரில்லை. பல முறை துவைத்து மென்மையான பழஞ்சேலையே குழந்தையின் உடலுக்கு இதமானது. வங்காளத்துப் பெண்கள் இதனையே ஒரு கலையாக வளர்த்தனர். பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலினால் ஓடு தையல் இட்டு, காந்தா எனப்படும் போர்வையை அமைத்தனர். பிறக்கும் குழந்தைக்கும், வீட்டுக்கு வரும் மருமகனுக்கும், பிரிந்து செல்லும் மகனுக்கும் அதனைக் கொடுத்தனர். குளிர்நாட்டுக் குவில்ற்றும் வங்காளத்துக் காந்தாவும் தனித்தனியே வளர்ந்தவை. எனினும் உடுத்து நைந்த துணியை வீசாது, அதிலே தன் உழைப்பைச் சேர்த்து அன்புக்குரியவருக்கு அளிக்கும் எண்ணம் இரண்டிலும் ஒன்றே.

இக்காலத்திலே ஆலைப் போர்வை மலிவாகக் கிடைக்கின்றது. ஆயினும் வீட்டிலே தைத்துக் கொடுக்கும் வழக்கம் நின்றுவிடவில்லை, முன்னிலும் பெருகியுள்ளது. 1945 ஆம் ஆண்டிலே தோன்றிய உலக லுத்தரன் நிவாரண நிறுவனத்துக்கு அமெரிக்கத் தேவாலயங்களிலே கூடும் பெண்கள் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான போர்வைகளைத் தைத்துக் கொடுக்கின்றனர். அவை அகதி முகாம்களுக்கும் பேரிடர் நேர்ந்த இடங்களுக்கும் செல்கின்றன. 1995 ஆம் ஆண்டிலே கொலராடோ மாகாணத்துப் பெண்மணி ஒருவர், புற்றுநோய்க்குக் கடுஞ்சிகிச்சை பெற்ற ஒரு சிறுமி தன் போர்வையை விடாது பற்றியிருந்தாள் என்ற செய்தியைப் படித்தார். மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் போர்வை தைத்துக் கொடுக்கும் இயக்கம் ஒன்று அதிலிருந்து பிறந்தது. போர்வையைக் கைவிடாத சித்திரக்கதைச் சிறுவன் லைனசின் பெயரே அவ்வியக்கத்துக்கு இடப்பட்டது. 2003 ஆம் ஆண்டிலே போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காகத் தொடங்கப்பட்ட மற்றோர் இயக்கம் இதுவரை 3 இலட்சத்துக்கு மேற்பட்ட போர்வைகளை வழங்கியுள்ளது.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பே. துணியை வாங்கித் தைத்து, பொதி கட்டி, கப்பலேற்றி ஆயிரக்கணக்கான கல்லுக்கு அப்பால் அனுப்புவதிலும், அப்பணத்தை அனுப்பினால் அவ்விடத்திலேயே போர்வை வாங்கலாமன்றோ? அவ்வூர் நெசவாளனும் பிழைப்பானன்றோ? இக்கேள்வியைப் புறந்தள்ளுதல் ஆகாது. நிவாரணப் பணியில் ஈடுபட்டோர் பலர் இதனையே வற்புறுத்துகின்றனர். பேரிடர் நேர்ந்த துறைமுகங்களிலே எவருக்கும் உதவாத பழந்துணிப் பொதிகள் வழியை அடைத்துக் கிடந்ததுமுண்டு.

பழந்தமிழ் நாட்டுக் கதையொன்று இங்கே நினைவுக்கு உரியது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மலைச்சாரலிலே மயில் ஒன்று அகவக் கேட்டு, அது குளிரால் நடுங்குகின்றதென எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். மயில் போர்வையை உடுத்துமோ, போர்த்துமோ? இத்தகைய செயலைச் சான்றோர் கொடைமடம் என்றனர். மடம் என்பது அறியாமை. ஆயினும் கொடையிலே தோன்றும் அறியாமையை அவர்கள் இகழவில்லை, புகழ்ந்தனர். மலைநாட்டு மன்னனுக்கு அது புகழாகலாம். அகதி முகாமிலே நடுங்கும் குழந்தைக்கோ கொடைமடம் போதாது. பெறுபவருக்கு எது வேண்டும் என்று கேட்டறிந்து கொடுக்கும் கொடையே அங்கே உதவும்.

நற்பணி நிறுவனங்கள் இதனை உணர்ந்தே விதிகளை வகுத்துள்ளன. லுத்தரன் நிறுவனம் போர்வைக்கு 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் வேண்டுமென்கின்றது. பிற சமயத்தாரும் பிற நாட்டாரும் பெறுவராதலால் கொடியோ சமயச் சின்னமோ முகத்துணியில் இருத்தலாகாது. துணி எளிதிற் கிழியாததாய் இருத்தல் வேண்டும். ஏனெனில் முகாமிலே போர்வை போர்வையாக மட்டும் இருப்பதில்லை. பகலிலே அது விரிப்பாகும், வெயிலுக்குக் கூரையாகும், கூடாரத்தை இரு பகுதியாக்கும் திரையாகும், இடம்பெயரும் நாளிலே உடைமைகளைக் கட்டும் மூட்டையாகும், பிள்ளையை முதுகிற் சுமக்கும் துணியுமாகும். அழகு நோக்கி மெல்லிய துணியிலே நுண்ணிய வேலை செய்தவளின் போர்வை ஒரு மாதத்திற் கிழியும். முரட்டுத் துணியிலே முடிச்சிட்டவளின் போர்வையோ ஆண்டுகள் நிற்கும். எவளுடைய கொடை பெரிது என்பதைப் பெறுபவளே அறிவாள்.

பணமா, போர்வையா என்ற வழக்குக்கு மற்றொரு வழியும் காணப்பட்டுள்ளது. 1920 ஆம் ஆண்டிலே பசியால் வாடியோருக்கு உதவத் தோன்றிய மெனொனைற் மத்திய குழுவினர் முகாம்களுக்குத் தடித்த எளிய போர்வைகளை அனுப்புகின்றனர். நுண்ணிய வேலைப்பாடுடைய அழகிய போர்வைகளையோ அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுதோறும் நடைபெறும் விற்பனை விழாக்களிலே ஏலத்தில் விடுகின்றனர். கிடைத்த பணம் நிவாரணத்துக்குச் செல்லும். சிலவேளைகளில் ஏலத்தில் எடுத்தவரே, “இதனை இன்னொருமுறை ஏலம் விடுங்கள்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவதுமுண்டு. அழகுக்கு விலையும், தேவைக்குப் பொருளும் என இரண்டையும் பிரித்தறிந்த செயல் இது.

இனி, தைப்பவளுக்கு இதனால் வரும் பயனையும் நோக்குதல் வேண்டும். முதியோர் பலர் இவ்வேலையிலே ஈடுபடுகின்றனர். பிள்ளைகள் தொலைவிலே வாழ, துணைவரை இழந்து தனித்திருக்கும் பெண்களுக்குக் கிழமைக்கொரு நாள் சட்டத்தைச் சுற்றி அமர்தல் பெருந்துணையாகும். கண் மங்கியவள் துணியைச் சலவை செய்து மடிப்பாள், கை நடுங்குபவள் துண்டுகளை நிறம் பார்த்து அடுக்குவாள், மற்றவள் தைப்பாள். இனித் தம்மால் ஆவதொன்றில்லை என்று ஒதுங்கியிருந்தவர்கள், தம்மையும் யாரோ எதிர்பார்க்கின்றார் என்று உணர்கின்றனர். கொடை கொடுப்பவரையும் காக்கின்றது. எனினும் கொடுப்பவரின் மனநிறைவு கொடையின் பயனாகலாமேயன்றி அதன் அளவுகோலாதல் கூடாது. அளவுகோல் குளிரிலிருப்பவரிடமே உள்ளது.

வெப்பநாட்டிலே இவ்வேலைக்கு இடமுண்டோ என்று நேயர்கள் வினவலாம். நுவரெலியாவின் மார்கழிக் குளிரை அறிந்தவர் அவ்வாறு வினவார். வெள்ளம் வந்தபொழுது பாடசாலை மண்டபத்தின் சீமெந்துத் தரையிலே பிள்ளைகளைப் படுக்கவைத்த தாய்மாரும் வினவார். இரண்டு பழஞ்சேலைகளை அடுக்கி, நாற்புறமும் மடித்து, நான்கு விரல் இடைவெளியிலே ஓடு தையல் இட்டால் ஒரு குழந்தைக்கான விரிப்பு ஆகிவிடும். அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, பொறியும் வேண்டியதில்லை. ஊசியும் நூலும் சில மாலைப்பொழுதுகளுமே போதும். தைக்குமுன் துணியை நன்கு துவைத்து வெயிலில் உலர்த்துதல் வேண்டும். இழுத்துப் பார்த்துக் கிழிகின்ற பகுதியை நீக்குதல் வேண்டும். தான் போர்த்த விரும்பாததைப் பிறருக்குக் கொடாதிருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆண்பிள்ளைகளுக்கும் இதனைக் கற்பித்தல் நன்று. ஊசிக்கு ஆண் பெண் என்ற வேறுபாடு தெரியாது.

இங்கிலாந்தின் பழைய பெட்டியொன்றில் இருந்து வெளிப்பட்ட கனேடியப் போர்வையை மீண்டும் எண்ணிப்பார்க்கலாம். அதனைத் தைத்தவள் இன்று உயிரோடிருத்தல் அரிது. அதனைப் போர்த்துறங்கிய குழந்தையும் முதுமையெய்தியிருக்கும். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை, பெயரும் அறிந்ததில்லை. எனினும் ஓர் இரவிலே, குண்டோசைக்கு நடுவிலே, அவளுடைய கை அக்குழந்தையின் தோளை மூடியது. அதற்காகவே அவள் தைத்தாள், அது நிறைவேறியது. அத்தகைய போர்வை ஒன்றைத் தைத்துக் கொடுப்பவர் அது பத்திரமாய் இருக்கவேண்டுமென்று விரும்பவேண்டியதில்லை. நாள்தோறும் போர்த்தப்பட்டு, துவைக்கப்பட்டு, இறுதியில் நைந்து போகட்டும் என்று விரும்பினாற் போதும்.